மூன்று வாளி லைலாக்

ஆர்டிஸ் டுகெட் எங்கள் பக்கத்தில் எத்தனை வீடு மாறியிருக்கிறாள் என்று எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். தபால்காரர் பத்து என்பார். அவளுடைய இரண்டாவது கணவன் ஆறோடு எண்ணுவதை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். நான் பன்னிரண்டு என்கிறேன். அதில் எட்டு முறை சாமான் தூக்கியது என் முதுகு, அதனால் என் பேச்சை நம்பலாம். எல்லாம் வெர்மான்ட் மாநிலத்தின் வடகோடியில், இருபது மைலுக்குள் இருக்கும் வாடகை வீடுகள்.

மாறுவதற்கு அவளுக்குக் காரணம் கிடைக்காமல் போனதே இல்லை. ஒரு வீட்டில் கிணற்றுத் தண்ணீர் இரும்பு வாடை அடித்தது. ஒரு வீட்டில் அடுத்த வீட்டு நாய் அவளை முறைத்தது. இன்னொரு வீட்டில் காலை வெயில் தப்பான ஜன்னல் வழியாக வந்தது. வெயிலுக்கு எது சரியான ஜன்னல் என்று கேட்டேன். அது தெரிந்தால் நான் ஏன் அலைகிறேன் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தால் முன்விளிம்பில்தான் உட்காருவாள். காப்பியை நின்றுகொண்டே குடிப்பாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வேலை மட்டும் இருபத்துமூன்று வருஷம் மாறவில்லை. அதே தடம், அதே பள்ளங்கள். அது ஓடிக்கொண்டேதானே இருக்கிறது, அதை எதற்கு மாற்றுவது என்பாள்.

வீடு மாறுகிற அன்று அவள் வண்டியில் முதலில் ஏறுவது மூன்று தகர வாளிகள். மேப்பிள் மரத்துச் சாறு பிடிக்கிற வாளிகள்தான், அடியில் ஆணியால் ஓட்டை போட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு லைலாக், கொத்துக் கொத்தாக ஊதாப் பூ பூக்கிற புதர்ச்செடி. புது வீட்டுக்குப் போனதும் கட்டிலைப் பூட்டுவதற்கு முன் தோட்டத்தில் மூன்று குழி தோண்டி அவற்றை நடுவாள். ஒன்றரை வருஷம் கழித்துத் தோண்டி எடுத்து மறுபடி வாளியில் திணிப்பாள். வாளிக்குள் அடங்காத வேரை மண்வெட்டியால் நறுக்கிவிடுவாள். அந்தச் செடிகளுக்குப் பதினான்கு வயது ஆனபோதும் அவளுடைய இடுப்புயரம் தாண்டவில்லை. ஒரு பூகூடப் பூத்ததில்லை.

நான் ஹோலிஸ். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது, குழி தோண்டுவது, சாய்ந்த கல்லை நிமிர்த்துவது எல்லாம் முப்பத்தோரு வருஷமாக நான்தான். எனக்குப் பொறுமை உண்டு என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு தகுதியானவன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

லைலாக்கைப் பற்றி எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று, அதை நட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது. நல்ல வெயில், கொஞ்சம் அடுப்புச் சாம்பல், அவ்வளவு போதும். மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ அது தன் பாட்டுக்கு வேர் விடும், அப்புறம் பூக்கும். இடம் மாற்றினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதை நான் ஆர்டிஸிடம் ஒவ்வொரு முறையும் வாளியைத் தூக்கிக்கொண்டே சொன்னேன்.

“நீ கல்லறைக்காரன், ஹோலிஸ்,” என்பாள். “உனக்கு ஒரே எடத்துல கெடக்கறவங்களைத்தான் பிடிக்கும்.”

அவளுக்கு அந்தச் செடிகள் வந்த கதையைச் சொன்னால்தான் மீதி புரியும்.

ஆர்டிஸின் அம்மா எஃபி. மலைமேல் முப்பது பசு வைத்துப் பால் பண்ணை நடத்தியவர். சமையலறை வாசலுக்கு அருகே அவர் ஒரு லைலாக் வைத்திருந்தார். ஊரில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற வெளிர் ஊதா அல்ல, திராட்சை ரசம் போல் கறுத்த நிறம். நாற்றுப்பண்ணைப் பட்டியல் பார்த்துத் தபாலில் வரவழைத்தது. மே மாதக் கடைசியில் அது பூக்கும்போது தேவாலயத்துக்கு வருகிறவர்கள் வண்டியை அந்த வழியாகச் சுற்றி ஓட்டுவார்கள். எஃபி யாருக்கும் ஒரு கொத்துகூடக் கொடுத்ததில்லை. கறாரான பெண்மணி. ஆர்டிஸும் அவரும் ஒரே கூரையின் கீழ் ஒரு வாரம் சண்டையில்லாமல் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. பதினேழு வயதில் ஆர்டிஸ் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அம்மா வாசலில் நின்று, போகிறவள் கதவைச் சாத்திவிட்டுப் போ, குளிர் உள்ளே வருகிறது என்று மட்டும் சொன்னாராம். இதை ஆர்டிஸ் எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஃபி ஒரு ஜனவரியில் இறந்தார். எங்கள் பக்கம் ஜனவரியில் யாரையும் புதைக்க முடியாது, நிலம் கல்லாக உறைந்து கிடக்கும். பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் வைத்துவிட்டு மண் இளகும் வரை காத்திருப்போம். அந்தக் காத்திருப்புக்குள் ஆர்டிஸின் அண்ணன் டெல்மர் பண்ணையை விற்றுவிட்டான். அவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை, பால் விலை அப்படி. வாங்கினவர் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொன்னார். ஏப்ரலில் புல்டோசர் வருவதற்கு முந்தின நாள் ஆர்டிஸ் பாதி உறைந்த சேற்றில் மண்டியிட்டு, அந்த லைலாக்கின் அடியிலிருந்து கைக்கு வந்த மூன்று இளங்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தூரைத் தோண்டி எடுக்க நேரமில்லை. பேருந்து எடுக்க வேண்டிய மணி ஆகிவிட்டது.

மே மாதம் எஃபியைப் புதைத்தோம். குழி தோண்டியவன் நான், ஆகவே அருகிலேயே நின்றேன். டெல்மரின் மனைவி ஜானிஸ், அந்தக் கறுத்த பூ ஒரு கொத்து இன்றைக்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், எல்லாம் மண்ணோடு போயிற்றே என்று பொதுவாகத்தான் சொன்னாள். ஆர்டிஸ் திரும்பினாள். செடி சாகவில்லை, என்னிடம் இருக்கிறது, அடுத்த நினைவு நாளுக்கு இந்தக் கல்லின் மேல் அம்மாவின் பூ இருக்கும் என்று பாதிரியார் பைபிளை மூடுவதற்கு முன்பே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். பிறகு அண்ணனைப் பார்த்து, வித்தவனுக்கு விட்டது, வெச்சிருக்கறவளுக்கு இருக்கு என்றாள். அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமைதான் எங்களுக்கு நினைவு நாள். அன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு வரும். போர்வீரர் கல்லுக்குக் கொடி, மற்றவர் கல்லுக்கு ஜெரேனியம் பூந்தொட்டி, லைலாக் பூக்கிற வருஷமானால் ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி லைலாக் கொத்து. டெல்மரும் ஜானிஸும் வருஷா வருஷம் சிவப்பு ஜெரேனியம் வைப்பார்கள். அவர்கள் போன பிறகு ஆர்டிஸ் வருவாள். பாட்டிலில் தண்ணீர் இருக்கும், லைலாக் கிளை இருக்கும், பூ இருக்காது. வெறும் இலை. அதைக் கல்லின் மறுபக்கம் வைத்துவிட்டு, யாரும் ஏதும் கேட்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பதினான்கு வருஷம் அந்த இலை பாட்டிலைப் பார்த்தவன் நான். வாடினதும் எடுத்துக் கொட்டுகிறவனும் நான். முதல் இரண்டு வருஷம் ஊர் கேலி செய்தது. அப்புறம் கேலி செய்வதையும் விட்டுவிட்டார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினான்காவது வருஷம் அக்டோபரில் பன்னிரண்டாவது வீட்டுக்கு மாறினாள். வாளியை ஏற்றும்போது ஒரு செடியின் பட்டையில் என் நகம் பட்டது. உள்ளே பச்சை மங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு மாற்றம் தாங்காது என்று தெரிந்தது. நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, வாய் முந்திக்கொண்டது.

“இதைக் குடு என்கிட்ட. உங்க அம்மா கல்லுக்குப் பின்னால, சுவர் ஓரமா நட்டுடலாம். நீ எங்க வேணா அலை. இது ஒரு எடத்துல இருக்கட்டும்.”

ஆர்டிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லறை மனையில் புதரோ மரமோ நடக்கூடாது என்ற பலகையை நீதானே எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். ஆமாம், என் கையெழுத்துதான். அந்த விதியைக் காட்டி எத்தனையோ பேருடைய ரோஜாவை, பைன் கன்றை, ஒருத்தருடைய ஆப்பிள் கன்றைக்கூட நான் பிடுங்கி எறிந்திருக்கிறேன். ஒருவரும் என்னை மன்னிக்கவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருக்கிற நேரம் பார்த்து, திருடனைப் போல் மூன்று லைலாக்கை நட்டேன். ஆர்டிஸ் சாம்பலைப் போட்டாள். தண்ணீர் ஊற்றினாள். உட்காரவில்லை.

முதல் வசந்தத்தில் ஒவ்வொரு செடியும் பத்துப் பதினைந்து இலை விட்டுவிட்டு நின்றது. ஆர்டிஸ் வாரம் இருமுறை வந்து பார்த்தாள். பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, சுவர் ஓரம் வரை ஓடி வந்து பார்த்துவிட்டு ஓடுவாள். அடுத்த வசந்தத்தில் எனக்குத் தெரியாமல் புல்தரைக்குப் போடுகிற உரத்தை ஒரு மூட்டை கொட்டிவிட்டாள். செடி தழைத்ததே தழைத்தது, இலைதான் உள்ளங்கை அகலம். புல் உரம் போட்டால் இலைதான் வரும், பூ வராது என்று கத்தினேன். இந்தச் செடிக்கு ஒரே ஒரு மருந்துதான், நீ கிட்ட வராமல் இருப்பது என்றும் சொன்னேன். முகம் சுருங்கிப் போய்விட்டது அவளுக்கு. ஆனாலும் அந்தக் கோடை முழுக்க அவள் தொடவில்லை, சுவருக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இனிமேல் சொல்வது என் கதை.

அந்த அக்டோபரில் கல்லறைக் குழுவின் தலைவி மிஸஸ் பார்லோ வருடாந்தரப் பார்வைக்கு வருவதாகத் தகவல் வந்தது. உரத்தின் புண்ணியத்தில் செடிகள் கல் சுவருக்கு மேல் ஒரு முழம் தலை நீட்டியிருந்தன. சாலையிலிருந்தே தெரியும். முப்பது வருஷம் விதி பேசினவன் விதி மீறி மாட்டிக்கொண்டால் ஊர் என்ன சொல்லும் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. கத்தரியை எடுத்துக்கொண்டு போய், சுவர் உயரத்துக்கு மூன்று செடியின் தலையையும் சமமாக வெட்டினேன். அழகாக வெட்டினேன். வெட்டியதைத் தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டு, கொட்டப் போகிற வழியில்தான் பார்த்தேன். ஒவ்வொரு கிளை நுனியிலும் இரட்டை மொட்டு. பருத்து, பச்சையாக, பட்டாணி அளவு. லைலாக் அடுத்த மே மாதப் பூவை இந்தக் கோடையிலேயே கட்டி வைத்துவிடும். இது எனக்குத் தெரியாதா? ஊருக்கே பாடம் எடுக்கிறவன் நான். பதினாறு வருஷம் காத்திருந்த பூவை நானே அரை மணி நேரத்தில் நறுக்கித் தள்ளுவண்டியில் போட்டிருந்தேன்.

மிஸஸ் பார்லோ வந்தார். அன்று மழை. காரை விட்டு இறங்கவில்லை. எல்லாம் சுத்தமாக இருக்கிறது ஹோலிஸ் என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்டிஸிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பனிக்காலம் முழுக்க ஓடிவிட்டது. மே வந்தது, செடியில் பூ இல்லை. நினைவு நாளன்று அவள் இலை பாட்டிலை வைத்தாள். தோளைக் குலுக்கிக்கொண்டு போனாள். அந்தக் கோடையில் நான் ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. செடிப் பக்கம் போகாமல் சுற்றிப் புல் வெட்டினேன், சாப்பாட்டில் ருசி இல்லை. யாராவது என்னைப் பொறுமைசாலி என்றால் எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை பகல் ஆர்டிஸின் வண்டி வந்து நின்றது. பின்னால் மூன்று தகர வாளி. கையில் மண்வெட்டி. ஆற்றைத் தாண்டி அடுத்த மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் வேலை கேட்டிருக்கிறாளாம், வசந்தத்தில் போகிறாளாம். செடியை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறாளாம். இந்த மண்ணிலும் பூக்கவில்லை, அங்கேயாவது பூக்குமா பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியை ஊன்றினாள். நான் அவளுக்கும் செடிக்கும் நடுவில் போய் நின்றேன். வேறு வழியில்லை.

“மண்ணு மேல தப்பில்லை, ஆர்டிஸ். போன அக்டோபர்ல நான்தான் தலையை வெட்டினேன். பார்லோ அம்மா கண்ணுல படாம இருக்கணும்னு. மொட்டோட வெட்டிட்டேன்.”

அவள் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். பேருந்து ஓட்டுகிறவள் கண்ணாடியில் பின்சீட்டுப் பிள்ளையை முறைப்பாளே, அப்படி முறைத்தாள்.

“எனக்குக் கை சும்மா இருக்காதுன்னு எத்தனை வருஷம் சொல்லிக் காட்டின நீ,” என்றாள். “சுவருக்கு வெளியவே நிக்க வெச்சியே என்னை.”

கிளை நுனி ஒன்றை வளைத்து அவளிடம் காட்டினேன். இந்தக் கோடையில் யாரும் தொடாததால் இரட்டை மொட்டு கட்டியிருந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த கிளையைப் பார்த்தாள். அதற்கடுத்த கிளை. மூன்றாவது செடி வரைக்கும் குனிந்து குனிந்து போனாள். எட்டு மாதம், ஆர்டிஸ், எட்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டிரு, நானும் கட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். மண்வெட்டியை வண்டிக்குள் எறிந்தாள். பின்னால் வாளிகள் உருண்டு சத்தம் போட, ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலம் எனக்கு நீண்டது. பனி விழுந்தால் கிளை ஒடியுமே என்று போய் உதறினேன். மான் மொட்டைத் தின்னுமே என்று சோப்புக் கட்டிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மார்ச்சில் பின்பனி வந்து மொட்டு கருகுமோ என்று பழைய கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆர்டிஸ் வீடு மாறவில்லை. நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்களிடம் ஜூன் வரை தவணை வாங்கிவிட்டாளாம். பேருந்திலிருந்து ஹாரனை இருமுறை அடிப்பாள். நான் கையை ஆட்டினால் எல்லாம் பத்திரம் என்று அர்த்தம்.

மே மாத நடுவில் மொட்டு பிரிந்தது. உள்ளிருந்து கம்பு மணி போலச் சின்னச் சின்ன அரும்பாக ஒரு கொத்து எட்டிப் பார்த்தது. நிறம் கறுத்த ஊதா. ஆர்டிஸ் வந்து பார்த்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்த நிமிஷமே வீட்டுக்குப் போய், பதினெட்டு வருஷம் பேசாத அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறாள். நினைவு நாளுக்கு வா, அம்மா செடி பூக்கப் போகிறது, வந்து கண்ணால் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம்.

அரும்பைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யக்கூடாது. எந்த லைலாக்கும் அரும்பில் கறுப்பாகத்தான் இருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் மகிழ்ச்சியில் எனக்கும் மறந்துவிட்டது.

முதல் கொத்து சனிக்கிழமை விரிந்தது. வெளிர் ஊதா. ஊரில் பாழடைந்த வீட்டு அஸ்திவாரக் குழி ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரும் நடாமலே வளர்ந்து கிடக்கிறதே, அதே சாதாரண லைலாக். ஞாயிற்றுக்கிழமை மூன்று செடியும் விரிந்துவிட்டன. வாசனை சாலை வரைக்கும் அடித்தது. நான் தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். என்ன சொல்வது? பதினெட்டு வருஷம் நீ தூக்கித் திரிந்தது உன் அம்மாவின் பூ அல்ல என்று எப்படிச் சொல்வது?

திங்கள் காலை ஆர்டிஸ் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பாட்டில், கத்தரி. சுவர் ஓரத்துக்கு வந்து நின்றாள். நான் என் தொப்பியைக் கழற்றினேன், எதற்கென்று தெரியவில்லை. அவள் ஒரு கொத்தைப் பிடித்து நிறத்தைப் பார்த்தாள். டெல்மரின் கார் மேட்டில் ஏறிவருகிற சத்தம் கேட்டது. ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். வண்டிச் சாவி கையிலேயே இருந்தது. ஆனால் ஓடவில்லை.

டெல்மர் மெதுவாக நடந்து வந்தான். எழுபதை நெருங்கிவிட்டான், முழங்கால் வலி. ஜானிஸ் ஜெரேனியத்தோடு காரிலேயே இருந்தாள். அவன் செடிகளைப் பார்த்தான், அடியைப் பார்த்தான், குனிந்து ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தான்.

“சொல்லிடு,” என்றாள் ஆர்டிஸ். “கறுப்பு இல்லை. பாத்துட்டேன். சொல்லிட்டுப் போ.”

“இது நம்ம வீட்டுதுதான்,” என்றான் டெல்மர்.

அவள் நிமிர்ந்தாள்.

“அம்மா வாங்கினது ஒட்டுச்செடி, ஆர்டி. மேலதான் அந்தக் கறுப்பு. கீழ வேரு இந்தச் சாதாரணம். ஒட்டுக்குக் கீழேர்ந்து இது மொளைச்சு மொளைச்சு வரும். வருஷா வருஷம் என் கையில கோடரியைக் குடுத்து அடியோட வெட்டச் சொல்லுவாங்க. வெட்டின எடத்துல ரெண்டா வரும். அதைப் பாத்தாலே அவங்களுக்கு ஆகாது.”

அதாவது அவசரத்தில் ஆர்டிஸின் கைக்கு வந்தது அந்த வேர்க்கன்று. அம்மா வேண்டாம் என்று வெட்டிப்போட்டது. அதைத்தான் வீடு வீடாக வாளியில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். நான் வேறு பக்கம் திரும்பி யாருடைய கல்லையோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆர்டிஸின் குரல் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்லத் தெரியவில்லை.

“அப்ப அம்மா வெட்டி வெட்டிப் பாத்தும் ஒழியாதது அந்த வீட்டுல ரெண்டு இருந்திருக்கு.”

டெல்மர் அவளையே பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கினான். ஒவ்வொரு செடியிலிருந்தும் இரண்டிரண்டு கொத்து, இளங்கிளைக்குச் சேதமில்லாமல் பார்த்துப் பார்த்து வெட்டி, அவள் பிடித்திருந்த பாட்டிலில் வைத்தான். இருவருமாகக் குனிந்து அதைக் கல்லின் முன்பக்கம் வைத்தார்கள்.

“எழுந்து வந்து வெட்டச் சொல்லட்டும் பாக்கலாம்,” என்றான் டெல்மர்.

ஆர்டிஸ் புல்லில் உட்கார்ந்தாள். அண்ணனும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். ஜானிஸ் தொட்டியோடு வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. ஊர் வந்தது, கொடிகள் வந்தன, மிஸஸ் பார்லோ வந்து அந்தச் செடிகளை முகர்ந்து பார்த்துவிட்டு இவை எத்தனை வருஷமாக இங்கே இருக்கின்றன என்று என்னைக் கேட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக என்று பொய் சொன்னேன்.

ஜூனில் ஆர்டிஸ் ஆற்றைத் தாண்டிப் போனாள். அவளை மாற்ற யாராலும் முடியாது. சாமானை நான்தான் ஏற்றினேன். மூன்று வாளியும் வழக்கம்போல் முதலில் ஏறின, உள்ளே பூட்ஸும் வாணலிகளும். செடிகள் சுவர் ஓரத்திலேயே நின்றன.

அதற்கடுத்த வாரம் டெல்மர் வந்து வாடின பூவை எல்லாம் கிள்ளினான். செடிகளின் அடியில் புதுக்கன்று ஆறேழு முளைத்திருந்தன. அவன் அவற்றைச் சுற்றியிருந்த புல்லைக் கையால் பிடுங்கிவிட்டு, அந்தப் பக்கம் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.